சூளைக்கு அனுமதி, அடுப்புக்கு?

கோட்டுகாலில் செங்கல் சூளை வைக்க வேண்டுமா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மாசு மிகக் குறைந்த 'வெள்ளை' வகைத் தொழில்களுக்கு 2024-இல் விலக்கு வந்தது. சூளை அதில் இல்லை.

வீட்டு அடுப்புக்கு? அனுமதி வேண்டாம். வீட்டுச் சமையல் தொழில் அல்லவே! அதனால் அந்தப் புகையை யாரும் அளக்க வருவதில்லை.

கேஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்குப் பெரும்பாலும் விறகுதான். மட்டை, சிரட்டை எரியும் புகை அறைக்குள்ளேயே நிற்கும். பக்கத்தில் அம்மா, இடுப்பில் குழந்தை. கண் எரியும். இருமல் வரும். நாள்பட்டால் நுரையீரல் கெடும்.

1980-களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஓர் அடுப்பைப் பரப்பியது. பெயர் 'பரிஷத் அடுப்பு'. விறகு குறைவாகச் செலவாகும். புகை குழாய் வழியாக வெளியே போகும். குழாயில் கரி அடைத்தால் புகை திரும்பி வரும். அடிக்கடி தட்டி எடுங்கள்.