ஐப்பசி மழைக்கு முன் கொல்லை அடுப்புக்கு விளக்கு

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி இறங்கும். அதற்கு முன்னும் பின்னுமாகத் தீபாவளிப் பலகாரம். உள்ளே இருக்கும் இரண்டு பர்னர் அடுப்பில் பெரிய முறுக்குச் சட்டி உட்காராது என்று கொல்லைக்கு அடுப்பைக் கொண்டுபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். விறகடுப்போ, ஒற்றை பர்னர் கேஸ் அடுப்போ, தகர ஷீட் கொட்டகையோ, மொட்டை மாடி மூலையோ, எதுவானாலும் விளக்கு வேலையை இந்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் எலக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். வந்தாலும் ஈரச் சுவரில் துளை போட நீங்கள் விடக் கூடாது.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. இன்றிரவு ஏழரை மணிக்கு, இப்போது இருக்கிற விளக்கை மட்டும் போட்டுவிட்டு, அடுப்பின் முன்னால் போய் நில்லுங்கள். சட்டி இருக்கும் இடத்தில் உங்கள் நிழல் விழுகிறதா? பெரும்பாலும் விழும். பின்கதவு நிலைக்கு மேலே ஒரு பல்பு மாட்டினால் கொல்லைக்கு விளக்கு போட்டாயிற்று என்பது நம் கணக்கு. சமைப்பவர் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்பார். வெளிச்சமெல்லாம் முதுகில் விழ, எண்ணெய் இருட்டில் கொதிக்கும். எங்கள் வீட்டில் பல வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒரு தீபாவளிக்கு அம்மா அதிரசம் தட்டிப் போட, நான் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றேன். முதல் ஈடு மொத்தமும் கருகியது. வெல்லம் சரியில்லை என்று அம்மா மளிகைக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். பல்பை இடம் மாற்றிய வருஷத்திலிருந்து அதே கடை வெல்லம் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கே மாட்டுவது? சட்டிக்கு நேர் மேலே வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து ஒரே வாரத்தில் பல்பு மங்கிவிடும், சூட்டில் எல்.இ.டி.யின் ஆயுளும் குறையும். விளக்கைத் தேடி வருகிற பூச்சி நேராக எண்ணெயில் விழும். சட்டியிலிருந்து இரண்டடி தள்ளி, ஏழடி உயரத்தில், உங்களுக்கு முன்பக்கமாக மாட்டச் சொல்லுங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் சரி, அப்போதுதான் கரண்டி பிடித்த கையின் நிழல் சட்டியில் விழாது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது மேடை. அடுப்புக்கு விளக்கு போட்டவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். அதிரசப் பாகின் பதம் அடுப்பில் தெரியாது, பக்கத்தில் வைத்த கிண்ணத்துத் தண்ணீரில்தான் தெரியும். ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் உருண்டு வரவேண்டும். அந்தச் சொட்டு கரைகிறதா, திரள்கிறதா என்று பார்க்கக் கிண்ணத்துக்குள் வெளிச்சம் வேண்டும். வெங்காயம் நறுக்குவதும் மீன் கழுவுவதும் அங்கேதான். அடுப்பருகே ஒன்று, மேடைக்கு ஒன்று என 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு இருந்தால் ஒரு வீட்டுக் கொல்லை அடுப்புக்குப் போதும். ஒவ்வொன்றும் 800, 900 லூமன் வெளிச்சம் தரும். 50 வாட் ஃபிளட் லைட் வாங்கி மாட்டாதீர்கள். கண் கூசும், பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார், வெளிச்சத்துக்கு அப்பால் இருக்கிற இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரியும்.

பல்பின் நிறத்தில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். கடையில் கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின் 'கூல் டே லைட்'. அந்த நீலம் கலந்த வெள்ளையில் முறுக்கு வெளிறித் தெரியும், இன்னும் வேகட்டும் என்று விட்டுவிடுவீர்கள். 3000 கெல்வின் 'வார்ம் ஒயிட்' கேளுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது. சாதாரண பல்பில் 80 இருக்கும், 90 கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள். எண்ணை நம்பாதவர்கள் பையில் இரண்டு வரமிளகாய் கொண்டுபோய், கடையில் பல்பை எரியவிட்டு அடியில் பிடித்துப் பார்க்கலாம். மிளகாய் செங்கல் நிறத்தில் தெரிந்தால் அந்த பல்பு வேண்டாம். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சியும் குறைவாக வரும். நீல வெளிச்சம்தான் அவற்றை அதிகம் இழுக்கிறது. ஆனாலும் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் ஈசல் கிளம்பினால் எந்த பல்பும் தப்பாது. அன்றைக்கு வயல்காரர்களின் விளக்குப் பொறியைக் கடன் வாங்குங்கள்: அடுப்பிலிருந்து பதினைந்தடி தள்ளி, நனையாத இடத்தில் ஒரு வெள்ளை பல்பைத் தொங்கவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். கூட்டம் அங்கே போகும். ஈசல் வறுத்துத் தின்கிற ஊர்க்காரர்களுக்கு இது உபரி லாபம்.

இனி ஒயர். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வெறும் ஹோல்டரில் பல்பைச் செருகி வெளியே தொங்கவிடும் பழக்கத்தை இந்த மழைக்கு முன்பே விட்டுவிடுங்கள். மூடிய விளக்காக, பெட்டியில் ஐ.பி. 65 என்று போட்டதாக வாங்குங்கள். 6 என்பது தூசி புகாது, 5 என்பது தண்ணீர் பீய்ச்சியடித்தாலும் கெடாது என்று அர்த்தம். கூரைக்குள் சாரல் மட்டும் படும் இடமென்றால் ஐ.பி. 44 போதும். ஒயர் பைப்புக்குள் வரட்டும், வெளியே விட்டால் அணில் கடிக்கும். விளக்குக்குள் ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும். நுழைவதற்கு முன் ஒயர் ஒரு வளைவு தொங்கி ஏறினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், உள்ளே போகாது. இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு எதையும் வெளியில் விட்டுவைக்காதீர்கள்.

தகர ஷீட் கொட்டகை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஷீட் விளிம்பில் உரசி ஒயரின் தோல் கிழிந்தால் கூரை முழுவதிலும் மின்சாரம் இருக்கும். கொட்டகைத் தூணில் கட்டிய கொடிக்கம்பியிலும் இருக்கும். ஈரத்துணி காயப்போடப் போனவர் மின்சாரம் தாக்கி இறந்தார் என்று மழைக்காலச் செய்தித்தாளில் படிக்கிறோமே, அதற்கு ஒரு காரணம் இதுதான். இரும்புக் கம்பியை இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இரும்புத் தூணுக்கும் ஷீட்டுக்கும் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்.

சுவிட்ச் வீட்டுக்குள், பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஈரக் கையும் வெறுங்காலுமாகத் தொடுகிற இடத்தில் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும். அதனால் சிலிண்டர் பக்கம் தாழ்வாக எந்த பிளக் பாயிண்டும் வைக்காதீர்கள். வாடை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரிகிறதை அணைக்கவும் கூடாது.

சோலார் விளக்கை ஐப்பசி, கார்த்திகைக்கு நம்பாதீர்கள். நாலு நாள் மூடாக்கு போட்டால் அது அரை மணி நேரம்கூட எரியாது. மின்வெட்டுக்கு அடுப்பருகே ஒரு இன்வர்ட்டர் பல்பு வைத்துக்கொண்டால் கொதிக்கிற எண்ணெய் முன்னால் இருட்டில் நிற்க நேராது. பின்கதவிலிருந்து அடுப்பு வரையிலான நடைபாதையும் விறகு அடுக்கும் வெளிச்சத்தில் இருக்கவேண்டும். மழையில் வளை நிரம்பினால் பாம்பு மேட்டுக்கு ஏறும், கட்டுவிரியன் நடமாடுவது ராத்திரியில்தான். ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்றை விறகு அடுக்கைப் பார்த்து மாட்டுங்கள். அப்போதும் விறகைக் கையால் உருவாதீர்கள், கழியால் தட்டிவிட்டு எடுங்கள்.

கடைசியாக மெயின் போர்டு. கொல்லைக்குப் போகும் லைன், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், இல்லையென்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். இன்று மாலையே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் டிரிப் ஆகவில்லை என்றால், அதை மாற்றும்வரை கொல்லை விளக்கைப் போடாதீர்கள்.