காணவும் ஒளி, காணப்படவும் ஒளி
(சிறு டிராக்டருக்கு வேண்டிய பாதுகாப்பு விளக்குகளும் அடையாளங்களும்)



மெதுவாகச் செல்லும் வண்டியால் ஆபத்து இல்லை என்பது பலருடைய எண்ணம். தோட்டத்து மண்சாலையில் அஃது உண்மையே. ஆனால், அதே வண்டி தார்ச்சாலையில் ஏறியவுடன், அதன் மெதுவான ஓட்டமே அதற்குப் பகையாகிவிடுகின்றது. அஃது ஏன் என்பதையும், அப்பகையை வெல்லும் வழியையும் இப்பாடத்தில் கற்போம்.

நம் வட்டாரமும் டிராக்டரும்

செராஸ், கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்திலும் சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்திலுமாகப் பரந்துள்ள ஊராகும். முற்காலத்தில் இங்கிருந்து காஜாங் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அவ்விடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. 2017ஆம் ஆண்டு முதல் எம்.ஆர்.டி. இரயிலும் ஓடுகின்றது. எனினும் டிராக்டர் மறைந்துவிடவில்லை. செம்பனைத் தோட்டங்களில் மரங்களுக்கிடையே நுழைந்து குலைகளைச் சேகரிப்பது சிறு டிராக்டரே. சாலையோரத்துப் புல்லை வெட்டவும் அது பயன்படுகின்றது. பிள்ளைகளை டிராக்டரின் பின்வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பிய காலமும் தோட்டப்புறங்களில் இருந்தது. உங்கள் தந்தையரோ மாமன்மாரோ இன்றும் அதனை ஓட்டுபவராக இருக்கலாம்.

இருளும் வேலை நேரமும்

1982ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 30 நிமிடங்கள் முன்னோக்கித் திருப்பி வைக்கப்பட்டன. ஆகையால் இங்குக் கதிரவன் உதிக்க ஏறத்தாழக் காலை 7 மணி ஆகின்றது. பெரட்டு அதற்கு முன்பே முடிந்துவிடும். டிராக்டர் புறப்படுவதும், நீங்கள் பள்ளிக்கு நடப்பதும் அரை இருளிலேதான். மாலையிலும் நிலை இதுவே. நம் நாடு நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் அந்திப்பொழுது நீடிப்பதில்லை. கதிரவன் மறைந்து ஏறக்குறைய 20 நிமிடங்களில் நன்றாக இருட்டிவிடும். மழை பெய்தால் பகலும் இருளே.

ஒரு கணக்கு

டிராக்டர் ஒன்று மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்கின்றது எனக் கொள்வோம். அஃதாவது நொடிக்கு 5 மீட்டர். பின்னால் வரும் காரின் வேகம் மணிக்கு 90 கி.மீ.; அஃதாவது நொடிக்கு 25 மீட்டர். எனவே இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு நொடியும் 20 மீட்டர் குறைகின்றது.

முன்விளக்கைத் தாழ்த்தி ஓட்டுபவரின் கண்ணுக்கு, விளக்கில்லாத கரிய பொருள் ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்திலேதான் புலப்படும். 50 மீட்டரைக் கடக்க இரண்டரை நொடிகளே ஆகும். கண்டதை உணர்ந்து காலைப் பிரேக்கில் வைப்பதற்கே சுமார் ஒன்றரை நொடி கழிந்துவிடும். அதற்குள் 30 மீட்டர் போய்விட்டது. எஞ்சிய 20 மீட்டருக்குள் காரின் வேகத்தை டிராக்டரின் வேக அளவிற்குக் குறைத்தல் உலர்ந்த சாலையிலும் இயலாது. ஈரச்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே டிராக்டர் 150 மீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் பட்டால், ஏழரை நொடிகள் கிடைக்கின்றன. ஓட்டுநர் பதற்றமின்றி வேகத்தைக் குறைக்கலாம். ஓர் உயிரைக் காப்பது இந்த ஐந்து நொடி வேறுபாடே.

இருவகை ஒளி

டிராக்டரில் ஒளிக்கு இரு வேலைகள் உண்டு. ஒன்று, ஓட்டுநர் வழியைக் காண உதவுவது. மற்றொன்று, பிறர் அவ்வண்டியைக் காணுமாறு செய்வது. முன்னதற்கு நாம் காட்டும் கவனத்தைப் பின்னதற்குக் காட்டுவதில்லை. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். இரவில் செல்லும் மாட்டு வண்டியின் அடியில் ஓர் அரிக்கன் விளக்குத் தொங்கும். மாடுகளுக்கு வழி தெரியும். வண்டிக்காரர் கண்ணயர்ந்தும் இருப்பார். அவ்விளக்கு, எதிரே வருவோர்க்கும் பின்னே வருவோர்க்கும் ‘இங்கே ஒரு வண்டி இருக்கின்றது’ என அறிவிப்பதற்காகவே எரிந்தது.

விளக்குகளின் நிறத்திற்கும் பொருள் உண்டு. வெள்ளை முன்புறத்திற்கு உரியது. சிவப்புப் பின்புறத்திற்கு உரியது. திரும்புவதை அறிவிக்க மஞ்சள் நிறம் பயன்படும். இரவு வேலைக்கெனப் பின்னோக்கிப் பொருத்தப்பட்ட வெள்ளை விளக்கைச் சாலையில் ஏறுமுன் அணைத்துவிட வேண்டும். இல்லையேல், அது பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்; வண்டி எதிரே வருவதாகவும் அவரை மயங்கச் செய்யும். உச்சியில் சுழலும் மஞ்சள் விளக்கினைச் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளைக் கேட்டறிந்த பின்னரே பொருத்துதல் நன்று.

வந்த வழியே திரும்பும் ஒளி

பேட்டரி செயலிழந்தாலும் பணி செய்யும் காவலன் ஒன்று உண்டு. அதுவே ஒளி திருப்பும் தகடு. கண்ணாடி, தன் மீது சாய்வாக விழும் ஒளியை வேறு பக்கம் அனுப்பும். சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்யும். இத்தகடோ, தன்னுள் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளாலோ பட்டை தீட்டிய முகங்களாலோ ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆகவே கார் விளக்கின் ஒளி அக்காரை ஓட்டுபவரின் கண்ணுக்கே மீள்கின்றது. சாலையின் நடுவே மின்னும் பூனைக்கண்களும் இவ்வாறே செயற்படுகின்றன. அவற்றை 1930களில் உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர்.

செய்து பாருங்கள்: இருட்டறையில் மிதிவண்டியின் சிவப்புத் தகட்டை நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். கைவிளக்கைக் கண்ணருகே பிடித்து ஒளியைத் தகட்டின் மீது செலுத்துங்கள். தகடு சுடர்விடும். பின்னர்த் தலையை அசைக்காமல் கைவிளக்கை மட்டும் பக்கவாட்டில் கைநீளத்திற்குத் தள்ளி, அதே தகட்டின் மீது ஒளியைச் செலுத்துங்கள். சுடர் மங்கிவிடும். ஏன் எனச் சிந்தியுங்கள்.

மெதுவண்டி முக்கோணம்

சிவப்பு விளக்கு ‘வண்டி உள்ளது’ எனக் கூறும். ‘மெதுவாகச் செல்கிறது’ எனக் கூறாது. இக்குறையை நீக்க, 1962ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து வேளாண் பொறியியல் துறையினர் கென் ஹார்க்னஸ் என்பாரின் வழிகாட்டுதலில் ஓர் அடையாளத்தை உருவாக்கினர். அது முனை மேல்நோக்கிய முக்கோணம். அதன் நடுப்பகுதி ஒளிரும் செம்மஞ்சள் நிறம். பகலில் எடுப்பாகத் தெரியும். அதன் விளிம்பு ஒளி திருப்பும் சிவப்பு, இரவில் சுடர்விடும். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் 69ஆம் இலக்க வாகன விதியும் மெதுவண்டிகளின் பின்புற அடையாளத் தகடுகளைப் பற்றியதே ஆகும்.

நம் நாட்டில் எல்லா ஓட்டுநரும் இதன் பொருளை அறிவர் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும், பொருள் அறியாதவரும் அதன் நிறத்தைக் கண்டு எச்சரிக்கை அடைவர். முக்கோணம் வண்டியின் பின்புறத்தில் நிமிர்ந்து, சேறு தெறிக்காத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

பொருத்தும் முறை

மின்விளக்குகளைப் பெரியவர்களே பொருத்த வேண்டும். அதன் அறிவியலை நீங்கள் அறிந்து கொள்ளலாம். சிறு டிராக்டரின் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட். 55 வாட் விளக்கு இரண்டு எரிந்தால் 110 வாட். அதனை 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம். 18 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டிற்கு 3 ஆம்பியரே போதும். சிறு டிராக்டர் உண்டாக்கும் மின்சாரம் அளவானதாகையால் எல்.இ.டி. விளக்கே அதற்கு ஏற்றது.

ஒவ்வொரு புதிய கம்பிக்கும் பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் வேண்டும். கம்பி உரசித் தேய்ந்தால் முதலில் அறுபட வேண்டியது ஃபியூஸே. தீப்பற்ற வேண்டியது டிராக்டர் அன்று. கம்பிகள் புகைக்குழாயையும் சுழலும் தண்டுகளையும் தொடாமல் கட்டப்பட வேண்டும். பின்வண்டியை இணைத்தால் டிராக்டரின் பின்விளக்குகள் மறைந்துவிடும். ஆதலால் பின்வண்டிக்கும் தனி விளக்குகளும் தகடுகளும் முக்கோணமும் இன்றியமையாதவை. அதன் அகலம் தெரியும் வண்ணம் இரு ஓரங்களிலும் தகடுகள் இருத்தல் வேண்டும். தொங்கும் மட்டைகள் அவற்றை மறைக்கலாகா.

நாம் செய்யத்தக்கவை

சேறு படிந்த தகடு, இல்லாத தகட்டிற்குச் சமம். வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, சாவி எடுக்கப்பட்ட பின்னர், பெரியவரின் அனுமதியுடன் அதனை ஈரத்துணியால் துடைத்துத் தரலாம். ‘அப்பா, பின்விளக்கு எரிகிறதா?’ என வினவலாம். விளக்குப் பழுதானால் அன்றே தோட்டத்து அலுவலகத்தில் அறிவிக்குமாறு கூறலாம். ஓடும் டிராக்டரில் தொற்றி ஏறுதல் கூடவே கூடாது. உங்கள் புத்தகப் பையிலும் ஒளி திருப்பும் பட்டை ஒன்று இருக்கட்டும். இருளில் நடப்பவரும் மெதுவண்டி போன்றவரே.

பயிற்சி வினாக்கள்

1. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லும் டிராக்டரை, மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் கார் 150 மீட்டர் தூரத்தில் காண்கின்றது. அதனை எட்ட எத்தனை நொடிகள் ஆகும்?
2. கண்ணாடிக்கும் ஒளி திருப்பும் தகட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பின்வண்டிக்குத் தனி விளக்குகள் ஏன் வேண்டும்?
4. உங்கள் வீட்டருகே காணும் வண்டிகளுள் பின்விளக்கோ தகடோ இல்லாதவை எத்தனை? ஒரு வாரம் கவனித்து எழுதுக.