அரபிக்கடலின் அடியில் ஒரு மலைத்தொடர்

உல்லாஸ்நகரிலிருந்து ரயிலேறி மும்பைக்கு வரும் நான் காண்பது அரபிக்கடலின் மேற்பரப்பையே. அதன் தென்பகுதியில், நீருக்கடியில், கார்ல்ஸ்பெர்க் என்னும் மலைத்தொடர் மறைந்துள்ளது. அதனை அறிவது எங்ஙனம்? கப்பலிலிருந்து ஒலியை அனுப்புவர். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 4 நொடியில் திரும்பினால், போக 2, வர 2. ஆழம் 3,000 மீட்டர்.

1962-இல் ஓவன் என்னும் பிரிட்டிஷ் கப்பல் இத்தொடரின் ஆழத்தோடு காந்தப் புலத்தையும் அளந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பலர் ஏற்காத காலம் அது. மலைமுகட்டில் புதுப்பாறை பிறந்து இருபுறமும் விலகுகிறது. பூமியின் காந்தத் திசைமாற்றங்கள் அதில் பட்டைகளாய்ப் பதிகின்றன என்று, கேம்பிரிட்ஜ் அறிஞர் வைனும் மாத்யூஸும் 1963-இல் விளக்கினர். நகர்வுக் கொள்கை வலுப்பெற்றது.

இன்றும் உலகக் கடலடியில் ஏறத்தாழக் கால் பங்கே நுட்பமாக அளக்கப்பட்டுள்ளது. எஞ்சியதை அளக்க நம் மாணவரும் முன்வருதல் வேண்டும்.