சொல்லும் பொருளும்: அனுமானம்

மாணவர்களே, 'அனுமானம்' என்பதற்கு ஒத்தகருத்துச் சொல் கேட்டால் 'ஊகம்' என எழுதுவீர்கள். அதற்குப் புள்ளி கிடைக்கும். வாக்கியத்தில் அமைக்கும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். "கூட்டத்துக்கு அனுமானமாக 200 பேர் வந்தனர்" என்ற விடையைப் பல தடவை திருத்தியிருக்கிறேன். இது ஏன் பொருந்தாது என்பதைச் சொல்லின் பிறப்பே காட்டும்.

இது வடசொல், அனு + மானம் எனப் பிரியும். 'அனு' என்றால் பின், தொடர்ந்து. 'அனுசரித்தல்' என்பதிலும் இதே முன்னொட்டுத்தான். 'மானம்' இங்கே தன்மானம் அன்று, அளவு. விஞ்ஞான பாடத்தில் வரும் 'வெப்பமானி'யை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, ஒன்றைக் கண்டு, அதைத் தொடர்ந்து இன்னொன்றை அளந்தறிவதே அனுமானம்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் இதனை விளக்குகிறார். மலையில் புகை தெரிகிறது. எனவே அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் இரண்டையும் சேர்த்துக் கண்டிருக்கிறோம். இங்கே கண்ணால் கண்டது புகை மட்டுமே. நெருப்பு கருதி அறியப்பட்டது. இதனால் தமிழில் இதற்குக் 'கருத்தளவு', 'கருதலளவை' என்ற பெயர்களும் உண்டு. மூடுபனியைப் புகை என்று எண்ணினால் அனுமானமும் பிழைத்துவிடும். அடையாளம் உறுதியாக இருக்க வேண்டும்.

'ஊகம்' இத்தனை கண்டிப்பானதன்று. ஆதாரம் குறைவாக இருந்தாலும் ஊகிக்கலாம். 'உத்தேசம்' என்பதன் மூலப்பொருள் சுட்டிக்காட்டுதல். தமிழில் அது எண்ணத்தையும் குறிக்கும் (செல்ல உத்தேசித்துள்ளேன்), ஏறத்தாழ என்ற தொகையையும் குறிக்கும். மேலே சொன்ன 200 பேருக்கு ஏற்றது இதுவே. கணித பாடத்தில் பழகிய 'அண்ணளவாக' என்பதையும் எழுதலாம். அண்மையான அளவு என்பதே அதன் பொருள்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் "அவரை மட்டுக்கட்ட ஏலாது" என்பார்களே, அந்த 'மட்டு' என்பதும் அளவுதான்! வடமொழியானாலும் நம் பேச்சுவழக்கானாலும், ஊகிப்பதை ஒருவகை அளத்தலாகவே கொண்டிருக்கிறார்கள். 'மட்டுக்கட்டுதல்' நல்ல சொல். ஆயினும் கட்டுரையில் வேண்டாம். உரையாடல் எழுதும்போது பயன்படுத்துங்கள்.

பயிற்சி: பொருத்தமான சொல்லால் நிரப்புக.
1. வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டு, விருந்தினர் வந்திருப்பதை அவள் ............
2. அந்தத் தோட்டத்தில் ............ 40 தென்னைகள் நிற்கின்றன.

(விடை: 1. அனுமானித்தாள் 2. உத்தேசமாக / அண்ணளவாக)