மிளகாய்ச் செடி வாடுகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

பூவும் பிஞ்சுமாக நிற்கிற மிளகாய்ச் செடி திடீரென்று தலையைத் தொங்கப் போட்டால், யாருக்கும் முதலில் தோன்றுவது ஒரு சொம்புத் தண்ணீர்தான். மாடித் தோட்டங்களில் பல செடிகள் சாவது அந்தத் தண்ணீரால்தான். வாட்டத்துக்குத் தாகம் ஒரு காரணம் மட்டுமே. வேர் அழுகல், பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு, உரச்சூடு எல்லாமே வெளியில் ஒரே மாதிரியான வாட்டமாகத்தான் தெரியும். எது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

1. முதலில் நேரத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் இலை துவள்வது நோய் அல்ல. இலை வழியே போகிற நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது செடி துவண்டுவிடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். 50 சதவீத நிழல்வலை கட்டி, மண் மேல் காய்ந்த சருகைப் பரப்புங்கள், அது போதும். விடிகாலையிலும் தொங்கிக்கொண்டு நின்றால்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

2. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த பைகளில் மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் பிழிந்தால் சொட்டும். மேலே பார்த்து ஏமாறக் கூடாது. பையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் கனமே சொல்லிவிடும். ஈரம் இருந்தும் செடி வாடினால் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். வேருக்கு நீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். நீர் தேங்கி மூச்சு முட்டிய வேரால் பக்கத்தில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்ச முடியாது.

3. உண்மையிலேயே காய்ந்திருந்தால் ஒரேயடியாக ஊற்றிப் பயனில்லை. முற்றிலும் உலர்ந்த நார்க்கழிவில் நீர் ஒட்டாமல் ஓரமாக வழிந்து வெளியேறிவிடும். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். அல்லது தொட்டியை அரை மணி நேரம் ஒரு பேசின் தண்ணீரில் வையுங்கள்.

4. பையின் அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள். மண்ணும் வேரும் அடைத்திருக்கும். தளத்தில் ஒட்டி உட்கார்ந்த பையில் ஓட்டை இருந்தும் நீர் வடியாது. இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ராமநாதபுரத்தில் முண்டு மிளகாயை மானாவாரியாகவே விளைவிக்கிறார்கள். மிளகாய் ஓரளவு வறட்சி தாங்குகிற பயிர். தேங்கிய நீரைத்தான் அதனால் தாங்க முடியாது.

5. அடுத்து, தண்டு மண்ணைத் தொடும் இடம். அங்கே வெள்ளைப் பஞ்சு போன்ற இழைகளும், நடுநடுவே கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளீரோஷியம் பூஞ்சை. அந்தச் செடி பிழைக்காது. சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த உருண்டைகள்தான் அடுத்த செடிக்குப் போகிற விதை. நாற்றுத் தட்டில் கன்றுகள் அடித்தண்டு மெலிந்து, அழுகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து மண்ணில் ஊற்றினால் மிச்சக் கன்றுகளைக் காப்பாற்றலாம்.

6. இலையின் நிறத்தைக் கவனியுங்கள். அடியிலைகள் மஞ்சளாகி, வாட்டம் நாள்கணக்கில் மெல்ல மேலேறினால் பியூசேரியம் வாடலாக இருக்கலாம். தண்டை நீளவாக்கில் பிளந்தால் பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடும். இலை பச்சையாகவே இருக்க, நேற்று நன்றாக நின்ற செடி இன்று முழுதும் துவண்டு, இரண்டொரு நாளில் திரும்பாமலே போனால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகிக்க வேண்டும்.

7. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். டம்ளரில் தெளிந்த நீரை எடுத்து அசையாமல் வையுங்கள். வாடிய செடியின் தண்டில், மண்ணுக்குச் சற்று மேலிருந்து இரண்டு அங்குலத் துண்டைச் சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். துண்டின் அடிமுனை மட்டும் நீரில் படும்படி, ஒரு கிளிப்பால் டம்ளர் விளிம்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்தால் நன்றாகத் தெரியும். ஐந்து பத்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெண்மையான மெல்லிய இழை நேராகக் கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா. பூஞ்சை வாடலில் இந்த இழை இறங்காது. தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய சோதனை இது. வீணாக மருந்து வாங்குவதை இது ஒன்றே தடுத்துவிடும்.

8. பாக்டீரியா வாடல் உறுதியானால் அந்தச் செடிக்கு மருந்தே கிடையாது. கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேரோடும் மண்ணோடும் எடுத்துக் குப்பையில் சேருங்கள். உரக்குழியில் போடவே கூடாது. பிளேடு, கொத்து, கை எல்லாவற்றையும் கழுவுங்கள். அந்தப் பையிலிருந்து வடியும் நீர் பக்கத்துப் பைக்குப் போகாமல் பாருங்கள். தக்காளி, கத்தரி, உருளை மூன்றுக்கும் இதே நோய் வரும். மிளகாய் போன இடத்தில் தக்காளி வைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். வெங்காயமோ கீரையோ போடுங்கள்.

9. தண்டில் குறை இல்லை, நீரும் சரி, ஆனாலும் செடி தேறாமல் தினம் மதியம் சோர்கிறதென்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளை வேர் நல்ல வேர். பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று வந்தால் அழுகல். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. முடிச்சு வேருக்குள்ளேயே வீங்கியிருக்கும், தட்டினால் உதிராது. மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி வைத்து எடுங்கள்.

10. போன வாரம் என்ன உரம் போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஊறவைக்காத கடலைப் புண்ணாக்கு, மட்காத சாணம், தண்டை ஒட்டிப் போட்ட யூரியா எதுவானாலும் வேரைச் சுடும். இலை ஓரம் தீய்ந்து செடி வாடும். இங்கே தண்ணீர்தான் மருந்து. மேலே கிடக்கும் உரத்தை வழித்தெடுத்துவிட்டு, அடியில் தாராளமாக வடியும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

11. சுருட்டையை வாடலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப் பூச்சி. அதற்கு வைத்தியம் வேறு.

12. புதிதாக நட்ட நாற்று இரண்டு மூன்று நாள் சோர்வது இயல்பு. மாலையில் நட்டு, நிழல் கொடுங்கள்.

13. அடுத்த முறைக்கு முன்னேற்பாடு: நன்மை செய்யும் நுண்ணுயிர்களால் விதைநேர்த்தி செய்யுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் அல்லது 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது பரிந்துரை, வீட்டு அளவுக்கு விதையில் ஒரு சிட்டிகை புரட்டினால் போதும். காப்பர் மருந்து ஊற்றிய மண்ணில் உடனே இவற்றைச் சேர்க்காதீர்கள், பலனில்லாமல் போகும். பூஞ்சையோ நூற்புழுவோ வந்த பழைய மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி, கோடை வெயிலில் நாலிலிருந்து ஆறு வாரம் வைத்தால் மறுபடி பயன்படுத்தலாம். டம்ளரில் வெள்ளை இழை காட்டிய செடியின் மண்ணை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், நல்ல மண்தானே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.