காப்பை அடகு வைத்து டோக்கன் வாங்கலாமா?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட போட்டோகொப்பிக் கடை நடத்துகிறேன். கட்டாரில் இருந்து திரும்பி வந்திருக்கும் தம்பி, புதிதாக வரப்போகும் ஒரு கிரிப்டோ டோக்கனின் முன்விற்பனையில் காசு போடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். இப்போது ஒரு டோக்கன் 0.012 டொலராம். சந்தைக்கு வரும் நாளில் 0.05 டொலராம். மூன்று நாளுக்கு ஒருமுறை விலை ஏறுகிறது, ஓடிட்டும் முடிந்துவிட்டது என்கிறான். ஏற்கெனவே 40,000 ரூபா போட்டுவிட்டான். இப்போது என் காப்புகளை அடகு வைத்து மூன்று இலட்சம் தரச் சொல்கிறான். ஆள் சேர்த்துவிட்டால் நூற்றுக்குப் பத்து கிடைக்குமாம். மாணவர்கள் வந்து போகிற இடம் என்பதால் கியூஆர் குறியீடு போட்ட போஸ்டர் ஒன்றைக் கடையில் ஒட்டவும் சொல்கிறான். அவர்களுடைய வைட்பேப்பரை அச்சிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம்பலாமா ஐயா?

— வாசகி, வந்தாறுமூலை

பதில்: காப்பு அலுமாரியிலேயே இருக்கட்டும், சகோதரி. போஸ்டரையும் ஒட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

முன்விற்பனை எல்லாமே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். உலகறிந்த எதீரியமே 2014 இல் முன்விற்பனை செய்துதான் தொடங்கியது. அப்போது அதன் நாணயமான ஈதர் ஒன்று ஏறக்குறைய 30 சென்ட். தம்பி இந்தக் கதையை ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லியிருப்பார். அதை உருவாக்கியவர்கள் யார் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். எழுதிய நிரலை எவரும் எடுத்து வாசிக்கலாம். இன்ன நாளில் இன்ன விலைக்கு விற்கலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் வைட்பேப்பரில் விலைதான் பெரிய எழுத்தில் இருக்கிறது; ஆட்களுடைய பெயரைக் காணவில்லை.

அந்த விலையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மொத்த டோக்கன் 1,000 கோடி என்றும், அதில் நூற்றுக்கு 40 முன்விற்பனைக்கு என்றும் போட்டிருக்கிறார்கள். அதாவது 400 கோடி டோக்கன். எல்லாமே இன்றைய விலைக்கு விற்றுப் போனதாக வைத்தாலும், திரளும் பணம் 4 கோடி 80 இலட்சம் டொலர். சந்தைக்கு வரும் நாளில் 0.05 என்கிறார்கள். அப்படியானால் அந்த 400 கோடி டோக்கனின் பெறுமதி 20 கோடி டொலர். மீதிப் பணத்தை யார் கொண்டுவருவார்? வைட்பேப்பரின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். திரட்டிய பணத்தில் நூற்றுக்கு 5 மட்டுமே, டோக்கனை விற்க வருபவர்களுக்குக் கொடுப்பதற்கான இருப்பில் போடப்படும் என்று இருக்கிறது. அது 24 இலட்சம் டொலர். புதிதாக வாங்க ஆள் வராவிட்டால், விற்க வருகிற அத்தனை பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான். சமமாகப் பங்கிட்டால், நீங்கள் போடும் மூன்று இலட்சத்துக்குத் திரும்பி வருவது 15,000 ரூபா. சமமாகவும் கிடைக்காது. முதலில் விற்பவர் எடுத்துக்கொண்டு போவார், ஒவ்வொரு விற்பனைக்கும் விலை சரியும். முதலில் விற்கக்கூடியவர்கள் யார் என்றால், காசு கொடுக்காமலே டோக்கனைக் கையில் வைத்திருக்கும் அந்த நிறுவனத்து ஆட்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறும் விலையும் இப்படித்தான். அந்த டோக்கன் இன்னும் எந்தச் சந்தையிலும் இல்லை. அறுவடைக்கு முன்னரே ஒருவர் தன் வயல் நெல்லுக்குத் தானே ஒரு விலை எழுதி, மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் கூட்டிக் கூட்டி எழுதினால், ஆலைக்காரர் அந்த விலைக்கு வாங்குவார் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள். அடுத்த விலையேற்றத்துக்கு நேரம் எண்ணி முன்விற்பனைத் தளத்தில் ஓடும் கடிகாரம் உங்களை அவசரப்படுத்தத்தான்.

சந்தைக்கு வந்த பிறகும் விற்க முடியுமா என்பது வேறு கேள்வி. 2021 ஒக்டோபரில், ஸ்குவிட் கேம் என்ற கொரியத் தொடரின் பெயரில் ஒரு டோக்கன் வந்தது. அதன் விலை நவம்பர் 1 ஆம் தேதி 2,800 டொலரையும் தாண்டி, சில நிமிடங்களில் ஏறக்குறைய பூச்சியத்துக்கு விழுந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இடையில் விற்க வழியே இருக்கவில்லை. விலை விழாமல் காக்கும் ஏற்பாடு என்று சொல்லி, விற்பதற்குத் தடை போட்டிருந்தார்கள். உருவாக்கியவர்கள் 30 இலட்சம் டொலருக்கு மேல் எடுத்துக்கொண்டு மறைந்தார்கள். உங்கள் வைட்பேப்பரிலும், வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு விற்க முடியாது என்று ஒரு வரி இருக்கிறது. நிறுவனத்தாருக்கு அப்படியொரு கட்டுப்பாட்டை நான் தேடித் தேடியும் காணவில்லை.

ஓடிட் பற்றி: அந்த ஓடிட் செய்பவர்கள் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. நிரலில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். திரட்டிய பணம் முழுவதையும் உரிமையாளர் ஒரே நாளில் எடுத்துச் செல்ல அந்த நிரல் பிழையில்லாமல் இடம்கொடுக்கலாம். ஓடிட் அறிக்கை உண்மையானதா என்பதே தனிக் கேள்வி.

தம்பி இதற்குப் பிறகும் விடாவிட்டால், உங்கள் கடைக் கணினியிலேயே இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். இணையதளத்தில் குழுவினர் என்று போட்டிருக்கும் படங்களைக் கூகுளில் படம் கொண்டு தேடச் சொல்லுங்கள். 2017 இல் அமெரிக்காவில் சென்ட்ரா டெக் என்ற நிறுவனம் டோக்கன் விற்று 2 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. குத்துச்சண்டை வீரர் மேவெதரே விளம்பரம் செய்தார். அதன் தலைவர் என்று காட்டப்பட்டவர் உலகில் இல்லவே இல்லை. அவருக்குப் போட்டிருந்த படம் ஏதுமறியாத ஒரு கனடாப் பேராசிரியருடையது. இரண்டாவது, டோக்கனின் ஒப்பந்த முகவரியை ஈதர்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் போன்ற பொதுப் பதிவேட்டில் போட்டு, யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முகவரிகளிலேயே பெரும்பங்கு குவிந்திருந்தால், விலை அவர்கள் கையில். ஒப்பந்த முகவரியே தரமாட்டோம் என்றால் அதற்கு மேல் தேட ஒன்றுமில்லை.

இனி நம் நாட்டு விஷயம். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2021 ஏப்ரலிலும் 2022 ஜூலையிலும் அறிவித்தது. வங்கி அட்டையால் அவற்றுக்குப் பணம் செலுத்துவதற்கும் வெளிநாட்டுச் செலாவணி விதிகளின் கீழ் அனுமதி இல்லை என்று சொன்னது. அதனால்தான் தம்பியைப் போன்றவர்கள் முகமறியாத ஒருவருடைய கணக்குக்குக் காசைப் போட்டு, டொலர் பெறுமதியோடு கட்டிய யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புழங்கியிருந்தால், விசாரணை உங்கள் கணக்கு வரைக்கும் வரும்.

நூற்றுக்குப் பத்து என்பது இன்னும் பாரதூரமானது. காசு போட்டவருக்குக் கிடைக்கும் ஆதாயம் ஆள் கூடுவதில் தங்கியிருந்தால், அது 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டமாகக் கருதப்படலாம். நடத்துபவர் மட்டுமல்ல, விளம்பரம் செய்பவரும் குற்றவாளி. போஸ்டர் ஒட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். மத்திய வங்கியின் தடைப்பட்டியலில் ஸ்போர்ட்ஸ் செயின், எம்டிஎஃப்இ ஆகியவற்றின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் கைபேசிச் செயலியாக வந்து, நண்பர், உறவினர் வழியாகவே பரவியவை. 2023 ஓகஸ்டில் எம்டிஎஃப்இ முதலில் பணம் எடுப்பதை நிறுத்தியது. பிறகு, இலாபம் காட்டிக்கொண்டிருந்த கணக்குகளில் கடன் காட்டியது. கொடுக்க வேண்டியவர்களே மக்களிடம் திருப்பிக் கேட்டார்கள். ஆளைச் சேர்த்துவிட்டவர்கள் ஊரில்தான் இருந்தார்கள், வாசலில் வந்து கேட்டவர்களுக்கு அவர்கள்தான் முகம் கொடுத்தார்கள். உங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மகாபொல உதவிப்பணத்தில் படிப்பவர்கள். அந்தக் காசு போனால் உங்களிடம்தான் வருவார்கள்.

தம்பியை ஏச வேண்டாம். வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவருக்கு, இங்கே ஒரு தொழில் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த அவசரத்தைப் பார்த்துத்தான் இவர்கள் வலை விரிக்கிறார்கள்.

அவர் போட்ட 40,000 ரூபாவுக்கு, வங்கிச் சீட்டு, பணம் அனுப்பிய முகவரி, பரிமாற்ற எண், டெலிகிராமில் கதைத்தவை எல்லாவற்றையும் இன்றைக்கே படம் பிடித்து அச்செடுத்து வையுங்கள். குழுவை விட்டு நீக்கினால் எதுவும் மிஞ்சாது. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற எண்ணில் சொல்லலாம். பொலிசிலும் முறைப்பாடு கொடுக்கலாம். பணம் திரும்பி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால், அவர்களும் அதே கூட்டம் என்றே எண்ணுங்கள்.

முன்விற்பனைத் தளத்தில் தம்பி தன் கிரிப்டோ வாலட்டை இணைத்து ஏதாவது அனுமதி கொடுத்திருந்தால், அதன் வழியாக மீதமுள்ளதையும் எடுத்துவிடலாம். வாலட்டின் 12 இரகசியச் சொற்களை எங்காவது தட்டச்சு செய்திருந்தாலும் அதே கதிதான். புது வாலட் ஒன்றைத் திறந்து, இருப்பதை இன்று இரவுக்குள் அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.