பட்டனை அழுத்தினால் யார் வருவார்?

பருவகால ஆலோசனை: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பெற்றோருக்கு

புரட்டாசி முடியப் போகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். ஏரிகள் நிரம்புவதற்கு முன்னால், பிள்ளைகள் விஷயத்தில் செய்து முடிக்க வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கான ஜி.பி.எஸ். வாட்ச், கழுத்தில் மாட்டும் அபாய பட்டன் எல்லாம் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பட்டனை அழுத்திப் பிடித்தால் பதிந்து வைத்த எண்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பு போகும். பிள்ளை நிற்கும் இடம் உங்கள் போனில் தெரியும். வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். வாங்கிக் கட்டிவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் வம்பு இருக்கிறது.

திண்டிவனத்தில் என் தங்கை மகனுக்கு எட்டு வயது. ஆறு மாதமாக அப்படியொரு வாட்ச் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில் பள்ளி வேன் வரவில்லை. பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தியிருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. வாட்ச்சுக்குள் ஒரு சிம் இருக்கிறது, அதற்கும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பதை வீட்டில் அத்தனை பேரும் மறந்திருந்தார்கள். கடைசியில் பையன் எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போய், "அண்ணா, எங்க அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க" என்று எண்ணைச் சொல்லியிருக்கிறான். எண் அவனுக்கு மனப்பாடம். அன்று உதவியது அதுதான்.

எனவே முதல் வேலை, உங்கள் எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விப்பது. பத்து இலக்கத்தையும் பாட்டுப் போல ஒப்பிக்க வேண்டும். யு.கே.ஜி. பிள்ளைக்குக்கூட இது வரும்.

அடுத்தது வாட்ச்சுக்குள் இருக்கும் சிம். விலை குறைந்த வாட்ச்சுகள் பலவும் 2ஜி-யில் மட்டும் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, அதனால் அந்த வாட்ச்சில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. பெட்டியின் மேல் 4ஜி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பள்ளி வாசலிலும் வேன் நிற்கும் இடத்திலும் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதோ அந்த சிம்மைப் போடுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு கோடு காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சார்ஜ் பெரும்பாலும் ஒரு நாள்தான் நிற்கும். இரவு சோறு போடும்போதே வாட்ச்சைக் கழற்றிச் சார்ஜில் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் வாட்ச்சை அனுமதிப்பார்களா என்று வகுப்பு ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுவதும் நல்லது.

இனி அந்த எண்களின் வரிசை. பெரும்பாலான வீடுகளில் முதல் எண் அப்பாவுடையது. அப்பா காலையில் ரயிலேறிச் சென்னைக்கோ, பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கோ வேலைக்குப் போகிறவராக இருப்பார். பிள்ளை ஒலக்கூரில் பட்டனை அழுத்தினால் அவர் தாம்பரத்திலிருந்து பதறத்தான் முடியும். பத்து நிமிடத்தில் நேரில் வந்து நிற்கக்கூடியவர் யாரோ அவருடைய எண் முதலில் இருக்கட்டும். பக்கத்துத் தெரு சித்தப்பாவோ வீட்டிலிருக்கும் ஆயாவோ எதிர்வீட்டு அக்காவோ, யாராகவும் இருக்கலாம். அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, வாட்ச்சின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் என்ன அர்த்தம் என்று விளக்கிவிட்டுப் பதியுங்கள். தெரியாத எண் என்று அவர் கட் செய்துவிட்டால் அத்தனையும் வீண். அப்பா எண் மூன்றாவதாக இருந்தால் அவருடைய மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

வாட்ச் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய பட்டன் போனே ஓர் அபாய அழைப்புக் கருவிதான். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கைபேசியிலும் அபாய பட்டன் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விதிப்படி, பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட் போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் போக வேண்டும். எத்தனை தடவை என்பது போனுக்குப் போன் மாறும், இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஐந்து தடவை. உங்கள் போனில் எப்படி என்று அமைப்புகள் பகுதியில் பார்த்து, பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள். பழகும்போது தவறி அவசர எண் 112-க்கு அழைப்பு போய்விட்டால் பயந்து துண்டிக்காதீர்கள். "தெரியாமல் அழுத்திவிட்டோம், இங்கே ஆபத்து ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். ஸ்மார்ட் போன் வைத்திருக்கும் பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இப்போதே ஏற்றிக் கொடுங்கள்.

ஆனால் எந்தப் பட்டனும் டவர் இருந்தால்தான் பேசும். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மேலே நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் நீர் ஏறி ரயில்கள் நின்றன. கரண்ட் போய், போனில் சார்ஜ் தீர்ந்த வீடுகளில் எந்த வாட்ச்சாலும் யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது.

அதனால் டவர் போனால் என்ன செய்வது என்று இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள். பள்ளியில் இருந்தால் பள்ளியிலேயே இரு, நாங்கள் வரும்வரை வெளியே வராதே. பஸ்ஸில் இருந்தால் கண்டக்டரிடம் சொல், நடுவழியில் இறங்காதே. வீட்டில் தனியாக இருந்து தண்ணீர் ஏறினால் இன்னார் வீட்டு மாடிக்குப் போ. இவ்வளவு போதும், இதற்குமேல் சொன்னால் பிள்ளைக்கு நினைவிருக்காது. புத்தகப் பையில் ஒரு பிளாஸ்டிக் விசிலைக் கட்டிவிடுங்கள். அதற்குச் சார்ஜும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். பவர் பேங்க்கை மழை அறிவிப்பு வந்த அன்றே நிரப்பி வையுங்கள்.

மழையில் எந்த நாள் அதிக ஆபத்து என்று என்னைக் கேட்டால், பள்ளி விடுமுறை விட்ட நாள் என்பேன். காலையில் கலெக்டர் விடுமுறை அறிவிப்பு டி.வி.யில் ஓடும். அப்பா அம்மாவுக்கு விடுமுறை கிடையாது, அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மழை சற்று விடும். "ஏரி கோடி போவுதுடா" என்று தெருவில் ஒருவன் கத்தினால் போதும், பிள்ளைகள் கலங்கல் பக்கம் ஓடிவிடும். மீன் பிடிக்கச் சிலது, வேடிக்கை பார்க்கச் சிலது. நாமும் அப்படி ஓடியவர்கள்தான். ஆனால் நாம் ஓடிய ஏரியின் தரை சமமாக இருந்தது. இன்று மண் எடுத்த பல ஏரிகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் பள்ளம் இருக்கிறது, தண்ணீர் நிறைந்தபின் மேலே ஒன்றும் தெரியாது. மூழ்குகிற பிள்ளைக்குப் பட்டனை அழுத்த நேரம் இருக்காது. நீர் புகாது என்று வாட்ச் பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் கைகழுவும் தண்ணீருக்கும் சாரலுக்கும் சொன்னது.

விடுமுறை அறிவித்த நாளில் தெருவுக்கு ஒரு பெரியவர் வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் இதற்கு வழி. நாலு வீட்டார் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் சம்பளம் போகும்.

பள்ளிக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில், எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். துருப்பிடித்த மூடி உள்வாங்கிவிட்டது. இதில் எந்தக் கருவியைக் கட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிக் கேட்பதற்கு முன், தொட்டி மூடியையும் கிணற்றுச் சுவரையும் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் தலைமை ஆசிரியருக்குக் கோபம் வரலாம், வரட்டும். வயலில் மூடாத ஆழ்துளைக் கிணறோ கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறோ பார்த்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது தீபாவளி நேரத்தில், இதே பருவத்தில்தான்.

திருவிழாக் கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் இந்த வாட்ச் தன் விலைக்கு உண்மையாகவே வேலை செய்யும். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல், திருவண்ணாமலை தீபம் என்று இந்த மாதங்களில் குடும்பத்தோடு கிளம்புவோம். ஆனால் இலட்சக்கணக்கானவர் கூடும் இடத்தில் அழைப்பு சிக்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். காணும் பொங்கலன்று சென்னை மெரினாவில் போலீசார் பிள்ளைகள் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். அதையே நீங்களும் வீட்டில் செய்துகொள்ளலாம். விழுப்புரம் ஜங்ஷனில் பிள்ளை கைவிட்டுப் போனால் ரயில்வே போலீசிடம் உடனே சொல்லுங்கள். நாலு பக்கமும் ரயில் கிளம்புகிற நிலையம் அது, நீங்களே தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

மலிவு வாட்ச் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2017-இல் நார்வே நுகர்வோர் அமைப்பு பிள்ளைகளின் வாட்ச்சுகளைச் சோதித்தபோது, யாரோ ஒருவர் உள்ளே புகுந்து குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்க முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரகசியமாக ஒட்டுக்கேட்க வசதியுள்ள பிள்ளைகள் வாட்ச்சுகளை ஜெர்மனி தடை செய்தது. வாங்கியதும் அதோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். பதிந்த எண்களைத் தவிர வேறு அழைப்பு வராதபடி பூட்டுங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் "நீ எங்கே இருக்கிறாய் என்று இதில் எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லியே கட்டுங்கள். சொல்லாமல் கட்டினால் ஒருநாள் கழற்றி நண்பன் வீட்டில் வைத்துவிட்டுப் போவான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை நடத்துங்கள். பிள்ளையை அடுத்த தெருவில் நிறுத்திப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். முதல் எண்காரர் எத்தனை மணி அடித்தபின் எடுக்கிறார், எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறார் என்று கடிகாரம் பாருங்கள். மாதம் ஒருமுறை, தை பிறக்கும்வரை, இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கடைசியாக, ஐ.டி. கார்டின் பின்பக்கம் இந்த எண்களை எழுதி வையுங்கள்: எந்த ஆபத்துக்கும் 112, குழந்தைகள் உதவிக்கு 1098, ஆம்புலன்சுக்கு 108, வெள்ளம் புயலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு மின்னகம் 94987 94987. அவற்றுக்கு மேலே அந்த முதல் எண்காரரின் எண். பால்பாயிண்ட் பேனாவால் எழுதி மேலே செலோ டேப் ஒட்டுங்கள். ஜெல் பேனா மை முதல் மழையிலேயே கரைந்துவிடும்.